குறைமாதக் குழந்தைக்கு எந்தப் பாலாடை? வெள்ளியை விட எவர்சில்வரே மேல்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது, "ஒரு பாலாடை வாங்கிக்கோங்க" என்று நர்ஸ் சொல்லி அனுப்புவது வழக்கம். பால்மேல் படியும் ஆடையைச் சொல்லவில்லை. மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், நாம் சங்கு என்போமே, அதே சாதி. கடைக்குப் போனால் வெள்ளி, எவர்சில்வர், பிளாஸ்டிக், பூஜைக் கடையில் நிஜச் சங்கு என்று நாலு விதம் இருக்கும். வித்தியாசம் புகட்ட உட்காரும்போதுதான் தெரியும்.

உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்றுக்கொன்று ஒத்துவருவது கர்ப்பக் கணக்கில் சுமார் 34 வாரத்தில்தான். அந்தக் கணக்கைத் தாண்டி வீட்டுக்கு வந்த பிள்ளையும் மார்பில் கொஞ்சம் குடித்ததுமே களைத்துத் தூங்கிவிடும். மீதியைப் பீய்ச்சி எடுத்துப் புகட்ட வேண்டும். பாட்டில் ரப்பரைச் சுத்தமாக வைப்பது பெரும்பாடு. பாலாடையில் ஒளிவு மறைவு குறைவு. உள்பக்கம் முழுக்கக் கண்ணில் படும்.

வெள்ளிச் சங்கு தாய்மாமன் சீராக வந்துவிடும், வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. குறை வெள்ளியில் இல்லை, வேலைப்பாட்டில். நகாசுக் கோடுகளிலும் பற்றவைத்த இடத்திலும் பால் தங்கும். கறுத்தால் விபூதி போட்டுத் துலக்குவார்கள், அந்தப் பொடியும் அதே இடுக்கில் உட்காரும். வேலைப்பாடு இல்லாத வழவழப்பான வெள்ளி என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். நிஜச் சங்கு வேண்டவே வேண்டாம்; உள்சுருளுக்குள் எந்தப் பிரஷும் போகாது.

பிளாஸ்டிக்கில் நல்ல விஷயம், அளவுக்கோடு. பால் எவ்வளவு இறங்கியது என்று வெளியிலிருந்தே தெரியும். ஆனால் கொதிக்கக் கொதிக்கக் கோடு அழியும், விளிம்பு நெளியும், கீறல் விழும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் கொதிநீரைத் தாங்கும் ரகம். கீறல் கண்டதும் மாற்றுங்கள்.

எவர்சில்வர்தான் எங்கள் தேர்வு. ஆனால் கடையிலேயே ஒரு சோதனை: கொஞ்சம் பஞ்சை எடுத்து மூக்கின் விளிம்பு முழுக்கத் தேய்த்துப் பாருங்கள். ஒரு இழை மாட்டினாலும் அங்கே பிசிர் இருக்கிறது என்று அர்த்தம். பூப்போன்ற உதட்டைக் கீறிவிடும். மூக்கு அகலமாக இருந்தால் பால் இரண்டு கடைவாயிலும் வழியும். குறுகலாக, நுனி மழுங்கலாக இருப்பதை எடுங்கள். ஒன்று போதாது. இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் நாளைக்கு 12 வேளை. மூன்று இருந்தால்தான் இரவில் அடுப்படிக்கு ஓடாமல் சமாளிக்கலாம்.

எவர்சில்வரில் அளவுக்கோடு இருக்காது. ஊசி இல்லாத சிரிஞ்சால் தண்ணீர் விட்டு, விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று ஒருமுறை பார்த்துக் குறித்துவையுங்கள். 1.8 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 160 மி.லி. என்று மருத்துவர் எழுதியிருந்தால் மொத்தம் 288, வேளைக்கு 24 மி.லி. 10 மி.லி. பாலாடையில் அது இரண்டு முறை நிறைய, மூன்றாம் முறை பாதிக்கும் கொஞ்சம் குறைவு. இது கணக்கு புரிவதற்காக; உங்கள் பிள்ளைக்குச் சீட்டில் எழுதியதே அளவு.

எவ்வளவு நல்ல பாலாடையையும் கெடுப்பது புகட்டும் கைதான். காலை நீட்டிக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, சங்கைக் கவிழ்த்து மடமடவென்று ஊற்றும் பழக்கம் குறைமாதப் பிள்ளைக்கு ஆபத்து. புரை ஏறிப் பால் நுரையீரலுக்குப் போகும். வழிந்தது காதுக்குள் இறங்கும். குழந்தை விழித்திருக்க வேண்டும். குழந்தையின் கையைத் துணியில் சுற்றி, தலையையும் கழுத்தையும் தாங்கி, நிமிர்த்தி உட்காரவைத்தது போல் பிடியுங்கள். பாலாடையின் மூக்கைக் கடைவாய் ஓரமாகக் கீழுதட்டில் வையுங்கள். நாக்கை அழுத்தக் கூடாது. பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்து நிறுத்துங்கள். நாக்கு துழாவும், தொண்டை அசையும். விழுங்கிய பிறகே அடுத்த சாய்ப்பு. தூங்கிவிட்டால் காது மடலையோ உள்ளங்காலையோ வருடுங்கள். அப்படியும் விழுங்கவில்லை என்றால் அந்த வேளையை வற்புறுத்தாதீர்கள். அரை மணிக்கு மேல் நீட்டினால் குடிக்கும் களைப்பிலேயே குடித்த சத்து செலவாகும்.

'அளவு சரியாகத்தான் கொடுக்கிறோம், எடை ஏறவில்லை' என்றால் முதலில் கழுத்துத் துணியைப் பாருங்கள். புகட்டும் முன்பும் பின்பும் துணியைச் சமையலறைத் தராசில் நிறுத்தால், கூடிய ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 1 மி.லி. பால். 24-இல் 5 வழிந்தால் வயிற்றுக்குப் போனது 19தான். இரும்புச் சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளையும் இதில் கலக்காதீர்கள். வழிந்ததோடு மருந்தும் போகும்.

கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர். எடுத்ததும் வெந்நீர் விட்டால் பால் திரைந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்பு, மூக்குக்குள் சின்ன பிரஷ், முழுக்க மூழ்கிய நிலையில் 10 நிமிடக் கொதி. இடுக்கியால் எடுத்து மூடிவையுங்கள். முந்தானையால் துடைத்தால் கொதிக்கவைத்ததே வீண். ஆறும்வரை பொறுங்கள், உலோகம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும்.

உதடு நீலம் பாய்ந்தால், மூச்சு நின்று நின்று வந்தால், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், இரண்டு வேளை சேர்ந்தாற்போல் குடிக்க மறுத்தால், பாலாடையை வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

மார்பிலேயே நன்றாகக் குடித்து, நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறத் தொடங்கியதும் மருத்துவரைக் கேட்டுப் பாலாடை வேளைகளை ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். எவர்சில்வரைக் காயவைத்து எடுத்துவையுங்கள், அடுத்த பிள்ளைக்கு ஆகும். பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.