எடையைக் குறைத்ததும் திரும்ப ஏற்றியதும்

2021 டிசம்பரில் இந்த சைக்கிளைப் பூட்டி முடித்த அன்று, துபாயிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். 9.3 கிலோ. போன வாரம் அதே தராசில் மறுபடி மாட்டினேன். 10.2. நாலு வருஷத்தில் 14,000 கிலோமீட்டர் ஓட்டியதில் 900 கிராம் கூடியிருக்கிறது. அத்தனையும் நானாக ஏற்றியது.

பிரேம் கிடைத்தது புனலூர் பக்கம் ஒரு வீட்டில். இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், வீட்டுச் சாமான்களோடு கப்பலில் வந்த பழைய ரேஸ் சைக்கிள், ரப்பர் ஷீட் கொட்டகையில் பத்து வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "ஓடிக்கான் ஆளில்ல" என்றார் அந்த அம்மா. 6,000 ரூபாய் கொடுத்தேன். எங்கள் செங்கோட்டை 1956 வரை அந்த மலையாளப் பக்கத்தோடு இருந்த ஊர், பேரம் பேசுகிற அளவுக்கு மலையாளம் எங்களுக்கு வரும். அன்று பேரம் பேசத் தோன்றவில்லை. சீட் குழாயில் பாதி உரிந்த ஸ்டிக்கரில் 531 என்ற எண் தெரிந்துவிட்டது.

பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-ல் கொண்டுவந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகு அது. குழாயின் இரு முனையிலும் தடிமன் கூடுதல், நடுவில் குறைவு. நடுப்பகுதி 0.5 முதல் 0.7 மில்லிமீட்டர்தான் இருக்கும். விரல் நகத்தால் சுண்டினால் மணி மாதிரி கேட்கும். ரெனால்ட்ஸை ரொம்ப காலம் வைத்திருந்தது டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமம். அதே குழுமம் கைகோத்து 1949-ல் தொடங்கியதுதான் நம்ம அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். தாத்தாவின் ஹெர்குலிஸுக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையில் மட்டும் சொந்தம் கிடையாது.

முதல் தலைவலி சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் தண்டு. அலுமினியமும் எஃகும் ஈரத்தில் வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நாலு நாள் துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊற வைத்து, ஐந்தாம் நாள் போஸ்டை வைஸில் கடித்து, பிரேமையே பிடித்துத் திருகினோம். கிறீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் வந்துவிட்டது. பழைய பிரேம் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் சீட்டும் ஹேண்டில் ஸ்டெம்மும் அசைகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பின் சக்கர இடைவெளி. எண்பதுகளின் ரேஸ் பிரேம்களில் பின்பக்கம் 126 மி.மீ. இருக்கும். இன்று கிடைக்கிற ரிம் பிரேக் ரோடு ஹப் (சக்கரத்தின் நடுக்கூடு) 130. அலுமினியமோ கார்பனோ என்றால் இங்கேயே கதை முடிந்தது. எஃகை நெம்பலாம். தென்காசி லேத் பட்டறை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கமலைக் காலத்திலிருந்து இரும்போடு புழங்குகிற குடும்பம். சைக்கிளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நூல் இருக்கா தம்பி?" என்றார்.

பூக்கட்டுகிற நூல்தான். பின் அச்சு உட்காரும் வலது காதில் முடிந்து, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றி, திரும்ப இடது காதில் கொண்டுவந்து கட்டினார். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தார். வலது பக்கம் 1 மி.மீ. அதிகம். அதாவது பிரேம் முன்பே லேசாகக் கோணி இருந்தது. ஒரு தேக்குச் சட்டத்தை உள்ளே கொடுத்து, ஒவ்வொரு பக்கமாகத் தனித்தனியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு அமுக்கு. அளப்பார். இன்னொரு அமுக்கு. பாதி மணி நேரத்தில் 130 வந்தது, இரண்டு பக்கமும் நூல் சமமாக நின்றது. காதுகள் இரண்டையும் ஸ்பேனரில் பிடித்து நேராக்கியும் கொடுத்தார். கூலி 200 ரூபாய். நான் அதுவரை வாங்கிய எந்த பார்ட்ஸும் அத்தனை பலன் தரவில்லை.

பெயிண்டில்தான் ஏமாந்தேன். பவுடர் கோட்டிங் கொடுத்த இடத்தில் (ஊர் பேர் வேண்டாம்) மணல் அடித்துச் சுரண்டியதில் 531 ஸ்டிக்கர் போனது போகட்டும், பெடல் அச்சு உட்காரும் மரைக்குள்ளும் கோட்டிங் ஏறிவிட்டது. இன்னொரு கடையில் அதைக் கவனிக்காமல் அந்த அச்சைத் தாங்கும் கப்பை மாட்டப் பார்த்தார்கள். இங்கிலீஷ் மரையில் வலது பக்கக் கப் இடது மரை, எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். அவர்கள் வழக்கப்படி சுற்றினார்கள். அண்ணாச்சிதான் திரும்ப மரை வெட்டும் டேப் போட்டு மரையைக் காப்பாற்றினார்.

இனி எடை. நான் செய்த பெரிய முட்டாள்தனம் கிராம் எண்ணியது. பிரேமும் ஃபோர்க்கும் சேர்ந்து மூணு கிலோ. அதில் கை வைக்க முடியாது என்பதால் மற்ற எல்லாவற்றிலும் கை வைத்தேன். 24 கம்பி சக்கரம், 25 மி.மீ. டயர், 40 கிராம்கூட இல்லாத டி.பி.யூ. (ஒரு வகை மெல்லிய பிளாஸ்டிக்) டியூப், எலும்புக்கூடு மாதிரி ஒரு கார்பன் சீட். கியர் மட்டும் நிதானமாகத் தேர்ந்தெடுத்தேன்: முன்னால் 50, 34 பல்லில் இரண்டு, பின்னால் எட்டு பல்சக்கரம், பெரியது 28 பல். கியர் லீவர் கீழ்க் குழாயில். கிளிக் கிடையாது, விரலால் உணர்ந்து மாற்ற வேண்டும். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட டியூன் செய்ததில்லை.

என் வழக்கமான பாதை செங்கோட்டையிலிருந்து புளியரை, எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு. முடிந்தால் கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம், தென்மலை வரை. புளியரை செக்போஸ்டில் எந்நேரமும் லாரி வரிசை. சல்லி லாரிகள் சிந்திய கல்லும், வளைவுகளில் தார் பெயர்ந்த குழியும். மூன்றாவது மாதத்திலேயே பின் சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தது. 24-ல் ஒன்று போனாலே சக்கரம் பிரேக் கட்டையில் உரசும் அளவுக்குக் கோணிவிடும். மூன்றாவது தடவை அறுந்தபோது சைக்கிளைத் தோளில் போட்டுப் புளியரை வரை நடந்து இறங்கினேன். இப்போது 32 கம்பி, கூடுதல் 250 கிராம். அதற்குப் பிறகு கோட்டம் எடுத்தது ஒரே ஒரு முறை.

டயர் 28 ஆனது, 80 கிராம். இது எஃகைவிடப் பெரிய மாற்றம். "ஸ்டீல் பிரேம் குலுங்காது, மெத்து மெத்தென்று போகும்" என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அந்த மெத்து முக்கால்வாசி டயரிலும் அதன் காற்றிலும்தான் இருக்கிறது. இந்த பிரேம் 27 அங்குலச் சக்கரத்துக்குச் செய்தது. இப்போது ரோடு சைக்கிளுக்கு வருகிற 700 சி ரிம்மின் ஆரம் அதைவிட 4 மி.மீ. குறைவு என்பதால் 28 டயரும் மட்கார்டும் நுழைய இடம் கிடைத்தது. பிரேக் மட்டும் எட்டாது, நீளக் கை வைத்த பிரேக் தேடி வாங்க வேண்டும்.

டி.பி.யூ. டியூபை எடுத்துவிட்டுப் பழைய ரப்பர் டியூபுக்குத் திரும்பினேன், 140 கிராம். ரோட்டோரக் கடையில் சொல்யூஷன் தடவி ஒட்டினால் டி.பி.யூ.வில் நிற்காது. ஒரு டியூபை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஆபத்துக்கு அதுதான் கச்சிதம். கார்பன் சீட் 130 கிராம் மிச்சப்படுத்தியது. தென்மலை போய்த் திரும்பிய ஒரு நாள் போதும், அதைக் கழற்ற.

மிச்சம் 300 கிராம் மட்கார்டு. ஜூன் மாதம் சாரல் தொடங்கினால் மேற்குக் காற்று கணவாய் வழியாக நேராக முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றில் ஏறும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் 72 கிலோ, சைக்கிள் 10. ஒரு கிலோ கூடினால் மொத்தத்தில் நூற்றுக்கு 1.2. இருபது நிமிஷ ஏற்றத்தில் கால் நிமிஷம் தாமதம். ஆரியங்காவில் கட்டன் சாயா ஆறுகிற நேரம்கூட இல்லை.

எஃகின் உண்மையான எதிரி அந்தச் சாரல்தான். முதல் மழைக்காலம் முடிந்து சீட் போஸ்டை உருவிக் கவிழ்த்தபோது துரு கலந்த தண்ணீர் ஒரு கரண்டி வந்தது. அதற்குப் பிறகு வருஷம் ஒரு தடவை எல்லாவற்றையும் கழற்றி, பெயிண்டுக் கடையில் விற்கிற ஆளிவிதை எண்ணெயைக் குழாய்களுக்குள் ஊற்றிச் சுழற்றி, வடித்து, ஒரு வாரம் காய விடுகிறேன். அது காற்றுப் பட்டு இறுகித் தோல் மாதிரி படிந்துகொள்ளும். "தேங்காய் எண்ணெய் ஊத்துனா ஆகாதா?" என்று அம்மா கேட்டாள். ஆகாது, அது இறுகிப் படியாது, சிக்குதான் பிடிக்கும்.

போன வருஷம் கியர் கேபிளைத் தாங்கும் சின்னக் குமிழ் கழன்று விழுந்தது. மறுபடி அண்ணாச்சிதான். "கரண்டு வெல்டிங் வச்சா ஓட்டை விழுந்துரும் தம்பி, இதுக்கு பித்தளைதான்" என்று கேஸில் பதமாகச் சூடாக்கிப் பற்ற வைத்துக் கொடுத்தார். பெயிண்ட் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருகியது. நெயில் பாலிஷ் தடவியிருக்கிறேன், நிறம் ஒத்துப்போகவில்லை.

மொத்தச் செலவு, பிரேமையும் வீணாய்ப் போன சக்கரத்தையும் சேர்த்து, 58,000 பக்கம். கிராம் எண்ணாமல் இருந்திருந்தால் 40,000-த்தில் முடிந்திருக்கும்.

இப்போது ஹேண்டிலை நேராக்கும்போது ஒரு இடத்தில் லேசாகச் சிக்குகிறது. ஹெட்செட்டில், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங்கில், பால்ரஸ் தேய்ந்திருக்கிறது. 5/32 அங்குல அளவு, நம்ம ஊர் சைக்கிளுக்குப் போடுகிற அதே பால்ரஸ். அண்ணாச்சியின் தகர டப்பாவில் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.