திங்க்பேட் டி480: முதல்முறை ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பவர்களுக்கு

ரேம், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) இரண்டையும் தானே மாற்றிப் பழக ஒரு பழைய லேப்டாப் தேடுகிறவர்களுக்கு லெனோவோ திங்க்பேட் டி480 நல்ல தேர்வு. 2018-இல் வந்தது. இன்டெல் 8-ஆம் தலைமுறை என்றால் விண்டோஸ் 11 ஓடும். இரண்டு ரேம் ஸ்லாட், இரண்டையும் கழற்றி மாட்டலாம். அடுத்து வந்த டி490-இல் ஒரு பங்கு ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். டி480எஸ் கதையும் அதுதான், எனவே பெயரின் கடைசியில் 'எஸ்' ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இதில் பேட்டரி இரண்டு இருக்கலாம். பின்னால் இருப்பதைக் கழற்றினாலும் உள்ளே இருப்பது போர்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ரேமைப் பிடுங்கினால் போர்டு போக வாய்ப்புண்டு. ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) போய், கான்ஃபிக், பவர், அதில் 'டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி' கொடுங்கள். மெஷின் தானே அணைந்துவிடும். வேலை முடிந்ததும் சார்ஜர் மாட்டினால்தான் உள்பேட்டரி விழிக்கும். பவர் பட்டன் வேலை செய்யவில்லை என்று பலர் பதறுவது இதனால்தான்.

அடிமூடியின் ஸ்க்ரூக்கள் மூடியோடே தங்கிவிடும், தொலையாது. ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்புங்கள். இரும்பால் நெம்பினால் உடையும்.

வாங்க வேண்டியது லேப்டாப்புக்கான டிடிஆர்4 வகை ரேம். 3200 வேக ரேம் போட்டாலும் 2400 வேகத்தில்தான் ஓடும், கூடுதல் விலை வீண். 16 ஜிபி ஒற்றை ரேம் குச்சியைவிட 8+8 மேல்: தனி கிராபிக்ஸ் இல்லாத மாடலில் திரைக்கும் இதே ரேம்தான், இரண்டு குச்சியும் சேர்ந்து ஓடும் இரட்டைச் சேனல் அங்கே கைகொடுக்கும். குச்சியைச் சாய்வாகச் செருகி, தங்கப்பல் ஏறக்குறைய மறையும்வரை தள்ளிய பிறகே கீழே அமுக்க வேண்டும். பாதி செருகி அமுக்கினாலும் பக்கக் கொக்கி சில சமயம் பூட்டிக்கொள்ளும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். ஆனால் புது ரேம் போட்டபின் முதல் பூட் கொஞ்சம் தாமதமாவது சகஜம். ஒரு நிமிடம் பொறுத்தும் திரை வராவிட்டால் மட்டும் மறுபடி கழற்றுங்கள்.

இந்த மாடலில் எரிச்சலூட்டுவது டிஸ்க் பகுதிதான். ஹார்ட் டிஸ்க்கோடு வந்த மெஷினில் 2.5 அங்குல இடம் இருக்கும். அங்கே 7 மிமீ தடிமனுள்ள சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் வடிவிலேயே வரும் பழைய வகை) நேராக உட்காரும், உச்ச வேகம் நொடிக்கு 550 எம்பி அளவு. எம்.2 என்விஎம்இ (சிறு பட்டை வடிவில் வரும் வேகமான எஸ்எஸ்டி) போட தனி ட்ரே வேண்டும். ஆகவே மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எஸ்எஸ்டி ஆர்டர் போடாதீர்கள். என்விஎம்இ-யும் இங்கே இரண்டு லேனில்தான் (டேட்டா போகும் பாதை) ஓடும், 3500 எம்பி என்று பெட்டியில் போட்ட விலையுயர்ந்த எஸ்எஸ்டி ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் ஓடும். மலிவானதே போதும்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்வதென்றால் முதலில் பிட்லாக்கரை (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) நிறுத்திவையுங்கள், மீட்புச் சாவியை வேறு எங்காவது எழுதிவையுங்கள். புதிதாக விண்டோஸ் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை: அதே போர்டு என்பதால் இணையத்தோடு இணைந்ததும் பொதுவாகத் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.