சூப்பர்ஜூம் கேமராவும் டொராண்டோவின் தூக்க நேரமும்

தொலைவில் இருப்பதை இழுத்துக் காட்டும் சூப்பர்ஜூம் கேமராவின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று இந்த வாரம் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கேட்கிற நேரம்தான் சரியில்லை. லென்ஸ் பாதி நீண்டபடியே நின்றுபோன என் கேமராவை இப்போதுதான் சர்வீஸிலிருந்து வாங்கி வந்திருக்கிறேன். உள்ளே தூசியாம். பறவை பார்க்கப் போகும் குளக்கரையில் தூசி இல்லாமல் பன்னீரா தெளித்து வைத்திருப்பார்கள்?

ஜூம், எடை, பேட்டரி பற்றியெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். எனக்கு இந்தக் கேமராவோடு இருப்பது ஒரே ஒரு சண்டை. இதில் எடுத்த படம் போனுக்கு வராது. இல்லை, வரும். டொராண்டோ தூங்கிய பிறகு வரும்.

கல்லூரிக் காலத்தில் ஒன்றாகப் பறவை பார்க்கச் சுற்றிய நாங்கள் இப்போது ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். ஒருத்தி டொராண்டோவில், ஒருவன் சிங்கப்பூரில், நான் திருநெல்வேலியில். எங்கள் குழுவில் வராத செய்தி இல்லை. மகளின் பரீட்சை, அம்மாவின் சர்க்கரை அளவு, நடுவே ஒரு கொண்டலாத்திப் பறவை. குளிர்காலத்தில் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் கரையில் எனக்குக் காலை ஆறரை என்றால் அவளுக்கு முந்தின நாள் இரவு எட்டு. சமையல் முடித்து, போனும் கையுமாக உட்காரும் நேரம். சிங்கப்பூரில் ஒன்பது, அவன் ரயிலில் இருப்பான். மூன்று பேரும் ஒரே சமயத்தில் அகப்படுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கேமரா தன் வேலையைக் காட்டும். கேமராவின் வைஃபையை ஆன் செய்தால், 'இதில் இணையம் இல்லை, தொடரவா?' என்று போன் கேட்கும். ஆமாம் என்போம். ஒரு படம் பாதி வரும்போதே போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். தொடர்பு போச்சு. சரி, டேட்டாவை அணைத்துவிட்டு இழுத்தால் படம் வரும், ஆனால் அனுப்ப முடியாது. மறுபடி டேட்டாவை ஆன் செய்ய வேண்டும். ப்ளூடூத்தில் சின்ன அளவில் தானாகவே போய்விடும் என்று விளம்பரத்தில் சொன்னார்கள். போகும், அதற்கு மனசு வந்தால். இத்தனைக்கும் செயலியைப் புதுப்பிக்கச் சொல்லி மட்டும் தவறாமல் அறிவிப்பு வரும்.

அப்புறம் என்ன செய்வது? கேமராத் திரையையே போனால் படம் பிடித்து அனுப்ப ஆரம்பித்தேன். கோடு கோடாக, மூலையில் என் கட்டைவிரலோடு ஒரு படம். கேவலமான படம்தான். ஆனால் உடனே போகிறது. இதில் ஒரு லாபம் உண்டு என்பது போகப் போகத்தான் தெரிந்தது. ஒரு நாள் தொலைவில் பட்டமரத்தில் ஏதோ பருந்து. திரையைப் படமெடுத்து அனுப்பினேன். "தலை வெளுத்திருக்கா, நல்லா பாருலே" என்றாள் டொராண்டோவிலிருந்து. இன்னும் கொஞ்சம் ஜூம் போட்டேன். உச்சந்தலையும் தொண்டையும் வெண்ணெய் நிறம், மற்றபடி உடம்பெல்லாம் பழுப்பு. சேற்றுப் பூனைப்பருந்து, பெண். பறவை கிளம்புமுன் பஞ்சாயத்து முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் கார்டைக் கழற்றிப் பார்த்திருந்தால் அது வெறும் நல்ல படமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

கூந்தன்குளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும் இடம் அது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை ஊர்க்காரர்களே எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். 1994-இல் சரணாலயம், 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியல் எல்லாம் பிறகு வந்தவை. நாரைகளைப் பார்க்க அங்கே ஜூம் தேவையே இல்லை. வரித்தலை வாத்துகளுக்குத்தான் வேண்டும். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட வாத்துகள் தென்னிந்தியா வரை வந்து பதிவாகியிருக்கின்றன. பட்டையிலிருக்கும் எழுத்தைக் கரையிலிருந்து படிக்க இந்த மாதிரி கேமராதான் தோது. கூட்டமாக இறங்கினால் கழுத்துக் கழுத்தாகப் பார்த்துக்கொண்டு போவேன். பட்டை போட்டது இன்னும் என் கண்ணில் படவில்லை.

சிங்கப்பூர்க்காரனுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. பீஷான் பூங்காவில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று அவன் காலடியில் ஓடும், போனிலேயே வீடியோ எடுத்துவிடுவான். நம் காவிரியில் இருக்கும் அதே வகை நீர்நாய்தான், நமக்குத்தான் தலைகாட்டுவதில்லை. டொராண்டோக்காரி சன்னலுக்கு வெளியே, பனியில் செக்கச் செவேலென்று உட்கார்ந்திருக்கும் கார்டினல் பறவையை அனுப்புவாள். அதுவும் போன்தான்.

2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு சமயத்தில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமை வரும், அது தமிழ்நாட்டுப் பக்கத்தோடு சரி என்பதால். பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறக் கணக்கெடுப்பில் அதைத் தீர்த்துக்கொள்வாள். குறைந்தது 15 நிமிடம் பார்த்தால் போதும், சமையலறைச் சன்னலிலிருந்தே பட்டியல் போடலாம். பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்ற மட்டும், திரையைப் படமெடுத்ததைவிட கார்டிலிருக்கும் அசல் படம்தான் நல்லது. அந்த வேலையை நான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டேன்.

நியாயமாகச் சொன்னால், இந்த விலைக்கு இவ்வளவு தூரத்தை இழுத்துக் காட்டும் பொருள் வேறு இல்லை. அந்திவெளிச்சத்தில் படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், அது இந்த வகைக்கே உள்ளது. கை நடுக்கத்தையும் நன்றாகவே தாங்குகிறது.

ஆனாலும் வாங்காதீர்கள். ரிப்பேர் பில் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது, வேறு மாதிரி எழுத வரவில்லை. மீறி வாங்குவதானால் போனில் நேராகச் செருகும் கார்ட் ரீடர் ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். உங்கள் போனுக்கு எந்தப் பின் என்று பார்த்து வாங்குங்கள், கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். பழசாக என்னுடையதைக் கேட்டு யாரும் வர வேண்டாம், கொடுப்பதாக இல்லை.