என்பிடெல் நேரலைக் கணக்கு வகுப்புகள்: கையில் நோட்டோடு போகிறவர்களுக்கு நல்ல சேவை

பாடம் புரியாமல் திணறும் பொறியியல் மாணவர் வழக்கமாகத் தேடிப் போவது மூன்று இடங்களை: விடுதியில் ஒரு சீனியர், மணிக்கணக்கில் காசு வாங்கி அரியர் பேப்பருக்குச் சொல்லித் தருபவர், டெலிகிராம் குழு. நான்காவதாக ஒன்று இருக்கிறது. ஐஐடி போன்ற நிறுவனங்களின் பேராசிரியர்கள் காணொளியில் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் படிப்புகளில் சேர்ந்தவர்களுக்கு வாரம் 2 மணி நேரம் நேரலையாக நடக்கும், பாடத்தின் கணக்குகளைப் போட்டுக் காட்டும் கணக்கு வகுப்பு. கட்டணம் கிடையாது. தேர்வு எழுதினால்தான் ஒரு படிப்புக்கு 1,000 ரூபாய். இந்த வகுப்புக்கு அதுவும் தேவையில்லை, படிப்பில் சேர்ந்திருந்தால் போதும்.

நடத்துபவர்கள் பிஎம்ஆர்எஃப், அதாவது பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகை பெறும் பிஎச்டி மாணவர்கள். 2018இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆய்வோடு வாராவாரம் பாடம் சொல்லித் தருவதும் ஒரு கடமை. பாடம் எடுத்த பேராசிரியருக்கு 30 ஆண்டுகளுக்கு முன் மறந்துபோன குழப்பம், நாலைந்து ஆண்டுகளுக்கு முன் பி.டெக் முடித்தவருக்கு இன்னும் நினைவிருக்கும். இந்தச் சேவையின் பலமே அதுதான்.

சேர்வது எளிது. படிப்பில் பதிவு செய்த அதே மின்னஞ்சல் முகவரியோடு, பிஎம்ஆர்எஃப் வகுப்புகளுக்கான என்பிடெல் பக்கத்தில் உங்கள் பாடத்தைத் தேடி, யார் எந்த நேரத்தில் நடத்துகிறார் என்று பார்த்துப் பதிய வேண்டும். அறிவிப்புகள் மின்னஞ்சலில்தான் வரும். கல்லூரி கொடுத்த முகவரியில் சேர்ந்துவிட்டுச் சொந்த முகவரியை மட்டும் பார்க்கிறவர்களுக்கு வகுப்பு நடப்பதே தெரியாமல் போகிறது. எல்லாப் படிப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை என்பதால் முதல் இரண்டு வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

வகுப்பில் என்ன கிடைக்கும் என்பதற்கு மெஷின் லேர்னிங்கில் வரும் டிசிஷன் ட்ரீ (கேள்வி கேட்டுக் கேட்டுத் தரவைக் கிளைகளாகப் பிரிக்கும் முறை) கணக்கு நல்ல எடுத்துக்காட்டு. 14 தரவுகள், 9 ‘ஆம்’, 5 ‘இல்லை’. என்ட்ரோபி, அதாவது இந்த இரண்டும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்ற அளவு, 0.940 வர வேண்டும். பலருக்கு 0.283 வரும், சிலருக்கு 0.652. சூத்திரம் சரியாகத்தான் இருக்கும்; கால்குலேட்டரில் லாக் பட்டனை அழுத்தினால் அடி 10, எல்என் பட்டனை அழுத்தினால் அடி e. வேண்டியது அடி 2. கிடைத்த விடையை முறையே 0.3010 அல்லது 0.6931 ஆல் வகுத்தால் சரியாகிவிடும். அடுத்த சறுக்கல் இன்ஃபர்மேஷன் கெயினில், அதாவது தரவைப் பிரித்த பிறகு என்ட்ரோபி எவ்வளவு குறைகிறது என்பதில். 14ஐ 8 (6 ஆம், 2 இல்லை), 6 (3 ஆம், 3 இல்லை) என்று பிரித்தால் இரு கிளைகளின் என்ட்ரோபி 0.811, 1.0. இவற்றை 8/14, 6/14 என்று எடை போட்டுக் கூட்டினால் 0.892, கெயின் 0.048. எடை போடாமல் வெறும் சராசரி எடுத்தவருக்கு 0.035 வரும். இரண்டும் நம்பும்படியான எண்களாக இருப்பதால் தப்பு எங்கே என்று தனியாக உட்கார்ந்து கண்டுபிடிப்பது கஷ்டம். விரிவுரைக் காணொளியில் இந்த இடம் அரை நிமிடத்தில் கடந்துபோகும். கணக்கு வகுப்பில் அங்கேயே நிறுத்தி, “எனக்கு 0.035 வருகிறது, ஏன்?” என்று கேட்கலாம். இப்படிக் கேட்க ஆள் கிடைப்பதுதான் பெரிய விஷயம்.

“அசைன்மென்ட் விடையைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்” என்று மாணவர்கள் குறைப்படுகிறார்கள். கெடு முடியாத கேள்விக்கு விடை சொல்லக் கூடாதுதான். அதே மாதிரி வேறு கணக்கைப் போட்டுக் காட்டுவதுதான் அவர்கள் வேலை. விடை மட்டும் வேண்டுமென்றால் டெலிகிராமில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் மதிப்பெண் கணக்கைப் பாருங்கள். 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரிக்கு 25, தேர்வுக்கு 75. தேறுவதற்கு அசைன்மென்டில் 10, தேர்வில் 30, இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். காப்பியடித்து 24 வாங்கிவிட்டுத் தேர்வில் 28 எடுத்தவருக்குக் கூட்டுத்தொகை 52, சான்றிதழ் கிடையாது. அந்தப் படிப்பை நம்பிப் பட்டத்துக்கான 3 க்ரெடிட்டைக் கணக்கில் வைத்திருந்தால் அதுவும் போச்சு. தேர்வில் வரும் கேள்வி கொஞ்சம் எண் மாறி, கொஞ்சம் நிபந்தனை மாறி வரும். அந்த மாற்றத்துக்குப் பழக்குவது இந்த வகுப்புதான்.

குறைகளும் உண்டு. வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த மாணவர் கணக்கில் தடுமாறுவதற்கு முன் வேகத்தில் தடுமாறுகிறார். பல படிப்புகளின் விரிவுரை எழுத்து வடிவம் தமிழில் பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது. அந்த வாரத்துப் பகுதியைப் படித்துவிட்டுப் போனால் பாதிச் சுமை குறையும். நடத்துபவரின் திறமையும் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் விரிவுரையையே திரும்பச் சொல்லி நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். அதே பாடத்துக்கு வேறொருவர் வேறு நேரத்தில் நடத்தினால் தயங்காமல் மாறிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, உங்கள் நோட்டு அவர் கண்ணில் படாது. அமெரிக்காவில் மிசோரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் 1973இல் தொடங்கிய ‘சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ முறை இந்த இடத்தில்தான் வெல்கிறது. ஒரு பாடத்தை ஏற்கெனவே நன்றாக முடித்த மாணவர், ஜூனியர்களோடு அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்து கேட்பார். பிறகு வாராவாரம் குழுவாகக் கூட்டிக் கணக்குப் போட வைப்பார். அவர் பாடம் நடத்த மாட்டார், மாணவர்களைப் பேச வைப்பார். யார் மக்கு என்று பார்த்து ஆள் பிடிப்பதில்லை. எந்தப் பாடத்தில் நிறையப் பேர் தோற்கிறார்களோ அந்தப் பாடத்துக்கே குழு வைக்கிறார்கள். அதனால் போவதற்கு யாருக்கும் கூச்சமில்லை.

நம் கல்லூரிகளில் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும். அதே படிப்பில் இருக்கும் 4 முதல் 6 பேர், போன முறை அதில் எலீட் சான்றிதழ் (60 அல்லது அதற்கு மேல்) வாங்கிய ஒரு சீனியர், ஒரு கரும்பலகை போதும். வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேர விரிவுரை; அதை அவரவர் பார்த்துவிட்டு வர வேண்டும். முதல் 15 நிமிடம் புத்தகம் மூடி, அந்த வாரத்துச் சூத்திரங்களை நினைவிலிருந்து எழுதுவது. பிறகு ஒரு மணி நேரம் கணக்கு, சாக்பீஸ் ஜூனியர் கையில். சீனியர் கையில் சாக்பீஸ் போனால் அது இன்னொரு விரிவுரையாகிவிடும். கடைசி 15 நிமிடம் தீராத சந்தேகங்களை, எந்த வரியில் சிக்கியது என்பது உட்பட, எழுதிவைப்பது. நேரலை வகுப்பில் கேட்க வேண்டியது அந்தத் தாளைத்தான். “மூணாவது வாரம் புரியலை” என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

காசு வாங்கும் சீனியரிடம் போவதாக இருந்தால் முதல் மணி நேரத்தைக் கவனியுங்கள். உங்களை ஒரு கணக்குக்கூடப் போடச் சொல்லாமல் ‘முக்கியமான கேள்விகள்’ பட்டியல் கொடுக்கிறார் என்றால் இரண்டாம் மணி நேரத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

கணக்கு, நிரல், சுற்று வரைபடம் என்று கையால் போட்டுப் பழக வேண்டிய பாடங்களுக்கு இந்த நேரலை வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மேலாண்மை, மென்திறன் மாதிரி படித்து நினைவில் வைக்கும் பாடங்களுக்கு அந்த 2 மணி நேரத்தை வாசிப்பில் செலவிடுவது மேல். நேரலையைத் தவறவிட்டவர்கள் பதிவு கிடைத்தால் அதைப் பார்க்கலாம். கணக்கு திரையில் வந்ததும் காணொளியை நிறுத்தி, 10 நிமிடம் தானே போட்டுப் பார்த்த பிறகு ஓடவிட வேண்டும். அசைன்மென்ட் கெடு வழக்கமாகப் புதன் இரவு 11.59, ஆகவே வார இறுதிக்குள் முடியும் வகுப்பாகத் தேர்ந்தெடுத்தால் திங்களும் செவ்வாயும் தானே போட்டுப் பார்க்க மிஞ்சும்.