லுக்கப் வேலையில் 1,200 டாலர் போனது: டேட்டா ஜாப்பை வெளியே கொடுப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

விஷயம் தெரிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. இன்னும் கை நடுங்குகிறது. ஆறப்போட்டால் எழுதவே மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். என்னென்ன சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

ஃப்ரீலான்சர்களையும் வேலை கொடுப்பவர்களையும் சேர்த்துவைக்கும் ஒரு ஆன்லைன் தளம். அங்கே டேட்டா இன்டெக்ரேஷன் நிபுணர் என்று போட்டிருந்த ஒருவருக்கு 1,200 டாலர் கொடுத்தேன். வேலை பெரிதல்ல. பழைய ஆர்டர் சிஸ்டத்திலிருந்து மாதம் சுமார் 48,000 டேட்டா வரிகள் வரும். ஒவ்வொரு வரியையும் வாடிக்கையாளர் மாஸ்டர் டேபிளில் (வாடிக்கையாளர் விவரங்கள் உள்ள மூல அட்டவணை) லுக்கப் செய்து, அதாவது தேடி எடுத்து, சரியான பில்லிங் கணக்கோடு சேர்க்க வேண்டும். மாஸ்டரின் கீ, அதாவது ஒரு வரியை அடையாளம் காட்டுவது, மூன்று காலங்கள் (நெடுவரிசைகள்) சேர்ந்தது: நிறுவனக் குறியீடு, வாடிக்கையாளர் எண், கிளைக் குறியீடு. பழைய சிஸ்டத்தில் கிளைக் குறியீடு பல வரிகளில் காலியாக இருக்கும். சிக்கல் அது ஒன்றுதான், அதற்காகத்தான் ஆளையே தேடினேன்.

என்ன வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மூன்றும் இருந்தால் மூன்றையும் வைத்துத் தேடு. கிளை காலியாக இருந்தால், முதலில் மாஸ்டரிலும் கிளை காலியாக உள்ள தலைமை அலுவலக வரி இருக்கிறதா பார். இல்லையென்றால் மற்ற இரண்டை வைத்துத் தேடு. ஒரே ஒரு வரி கிடைத்தால் எடுத்துக்கொள். ஒன்றுக்கு மேல் கிடைத்தாலோ ஒன்றுமே கிடைக்காவிட்டாலோ ரிஜெக்ட் ஃபைலில் தள்ளு, நான் கையால் பார்த்துக்கொள்கிறேன். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

வீடியோ காலில் அவர் அதை வரி வரியாகப் படித்தார். "கிளை இல்லாத வாடிக்கையாளருக்கு மாஸ்டரில் நாலு கிளை இருந்தா என்ன பண்றது சார்?" என்று அவராகவே கேட்டார். அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்கு வேலை தெரியாமல் இருக்குமா என்று நினைத்தேன். "ரிஜெக்ட் பண்ணிடுங்க" என்றேன். "கவலையே படாதீங்க சார், விடுபட்ட கீதான் என் ஸ்பெஷாலிட்டி" என்றார்.

ஒப்படைத்த அன்று ஒரு முழு மாத டேட்டாவை என் கண் முன்னால் ஓட்டிக் காட்டினார். 48,000 உள்ளே, 48,000 வெளியே. எல்லாம் பச்சை. ரிஜெக்ட் ஃபைல் காலி. அந்தக் காலி ஃபைலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்! கிளையே இல்லாத ஆயிரக்கணக்கான வரிகளில் ஒன்றுகூட சந்தேகத்துக்கு இடமாக இல்லையா என்று அந்த நிமிடம் கேட்டிருந்தால் பணம் என்னிடம் இருந்திருக்கும். கேட்கவில்லை. வேலையை ஏற்றுக்கொண்டேன் என்று அழுத்தினேன், 1,200 டாலர் அவருக்குப் போனது.

19ஆம் நாள் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து போன். அவருடைய ஒரு கிளைக்கான பில் இன்னொரு கிளைக்குப் போயிருக்கிறது. அப்புறம்தான் அவர் செய்து கொடுத்த ஜாப்பை, அதாவது இந்தத் தேடலை ஓட்டும் புரோகிராமை, திறந்து பார்த்தேன். கிளை காலியாக இருந்தால் இரண்டு காலங்களை வைத்துத் தேடும் இரண்டாவது லுக்கப் ஒன்று இருந்தது. எத்தனை வரிகள் பொருந்துகின்றன என்று எண்ணும் இடம் எங்குமே இல்லை. முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறது, அவ்வளவுதான். அந்த "முதல்" எது என்பதும் நிச்சயமில்லை. மாஸ்டரைப் படிக்கும் குவெரியில் வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை இல்லை, அது இல்லாவிட்டால் வரிகள் எந்த வரிசையில் வரும் என்று எந்த டேட்டாபேஸும் உறுதி தராது. அதே டேட்டாவை இரண்டு முறை ஓட்டி ஒப்பிட்டேன். விடைகள் மாறின.

கணக்குப் போட்டேன். கிளை காலியான வரிகள் 9,310. அதில் 3,170 வரிகளுக்குத் தலைமை அலுவலக வரியோ ஒரே ஒரு கிளையோதான் இருந்தது, அவை தப்பித்தன. மிச்சம் 6,140 வரிகள் ஏதோ ஒரு கிளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதில் எது சரி, எது தப்பு என்று பார்த்தவுடன் சொல்ல வழியில்லை. ஜாப் ஓடியதைப் பதிவுசெய்யும் லாக்கில்கூட பிழை என்று ஒரு வரி இல்லை. ஜாப் உடைந்து நின்றிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

அவருக்கு எழுதினேன். முதல் பதில்: "ஜாப் சக்ஸஸ்னு முடிஞ்சிருக்கே சார்." இரண்டாவது: "உங்க சோர்ஸ் டேட்டாவிலதான் கோளாறு." சோர்ஸ் டேட்டாவில் கோளாறு இருப்பதால்தானே அவரை அமர்த்தினேன்? நான்கு முறை எழுதிய பிறகு "சரி பண்ணிட்டேன்" என்று ஒரு புதிய ஜாப் வந்தது. இரண்டாவது லுக்கப்பையே தூக்கிவிட்டு, முதல் லுக்கப்பின் கேஷை (மாஸ்டரை நினைவகத்தில் ஏற்றிவைக்கும் வசதி) அணைத்திருந்தார். இப்போது 9,310 வரிகளும் ரிஜெக்ட். தலைமை அலுவலகக் கணக்குகள் 412, மாஸ்டரிலும் கிளை காலி, ஆர்டரிலும் காலி. முன்பு சரியாகப் பொருந்திய அவையும் போயின.

இது ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு ராத்திரி ஆயிற்று. டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லில் நல் என்கிற வெற்று மதிப்பு இன்னொரு வெற்று மதிப்புக்குச் சமமில்லை, ஒப்பிட்டால் "தெரியாது" என்றுதான் விடை வரும். ஆனால் மைக்ரோசாஃப்டின் டேட்டா இன்டெக்ரேஷன் கருவியான எஸ்எஸ்ஐஎஸ்ஸில் மாஸ்டர் முழுவதையும் முன்கூட்டியே கேஷில் ஏற்றினால் ஒப்பீட்டைக் கருவியே செய்கிறது, வெற்றும் வெற்றும் பொருந்திவிடும். கேஷை அணைத்தால் தேடல் டேட்டாபேஸுக்குப் போகிறது, பொருந்தாது. எஸ்எஸ்ஐஎஸ் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது. ஒரு செட்டிங்கை மாற்றினால் விடையே மாறும் என்பது நிபுணர் என்று சொல்லிக்கொள்பவருக்குத் தெரிய வேண்டாமா?

கேட்டதற்கு வந்த பதிலை என்னால் மறக்க முடியவில்லை. "ரிஜெக்ட் ஃபைல் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?" அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னும் 300 டாலர் என்றார். அதோடு பேச்சு நின்றது.

தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள், புகாருக்கான 14 நாள் முடிந்துவிட்டது." திரும்ப எழுதினேன், அதே வாக்கியம். ஸ்க்ரீன்ஷாட், இரண்டு பக்கக் குறிப்பு, எண்ணிக்கை எல்லாம் அனுப்பினேன். அதே வாக்கியம். 1,200 டாலர். மாத முடிவில்தான் தப்பு தெரியவரும் வேலைக்கு 14 நாள் என்று ஒரு கெடு வைத்திருப்பதே அநியாயம்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், உட்கார்ந்து எழுத நேரமில்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். நல்ல டேட்டாவை வைத்து டெமோ பார்க்காதீர்கள். கீயின் ஒவ்வொரு காலமும் காலியாக உள்ள வரிகளையும், பல பொருத்தம் வரும் வரிகளையும் நீங்களே தயாரித்துக் கொடுங்கள், எத்தனை ரிஜெக்ட் ஆக வேண்டும் என்பதை முன்பே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பல பொருத்தம் வந்தால் லுக்கப் என்ன செய்யும் என்று எழுத்தில் வாங்குங்கள். காலங்களை ஒட்டி ஒரே கீயாக்குகிறேன் என்று சொன்னால் நடுவில் பிரிப்பான் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் 12-உம் 3-உம், 1-உம் 23-உம் இரண்டுமே 123 ஆகிவிடும். ஆரக்கிள் டேட்டாபேஸில் காலி எழுத்துச்சரமும் நல்தான், வேறு டேட்டாபேஸிலிருந்து கொண்டுவந்தால் கவனம். முக்கியமாக, ஒரு முழு மாதச் சுற்று முடியும்வரை பணத்தை விடுவிக்காதீர்கள்.

6,140 வரிகளில் இதுவரை 1,900 பார்த்து முடித்திருக்கிறேன். மிச்சத்துக்குப் போகிறேன். இதே மாதிரி மாட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எப்படி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.