மைக் செட்காரன் கேட்ட ஏட்ரியன் லெங்கர்

கொழிஞ்சாம்பாறையில் மைக் செட் வைத்திருப்பவனுக்கு அமெரிக்கப் பாட்டுக்காரியின் ஆல்பத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். மாரியம்மன் நோம்பி, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று அடுத்தவர் குரலைச் சத்தமாக்கித் தருவதுதான் என் பிழைப்பு. சத்தமே போடாத ஒரு குரலைக் கேட்டால், இதை எப்படி மைக்கில் பிடித்தார்கள் என்றுதான் முதலில் யோசனை ஓடும்.

பிக் தீஃப் என்கிற இண்டி (பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராத) இசைக்குழுவில் பாட்டு எழுதிப் பாடுகிறவர் ஏட்ரியன் லெங்கர். வரிகளுக்காகவே அவரைக் கொண்டாடுகிற கூட்டம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவால் குழுவின் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் பாதியில் நின்றது. மாசசூசெட்ஸின் மேற்கே, மலைப்பக்கத்தில் ஒற்றை அறை மரக்குடிலுக்குப் போய்விட்டார். ஒலிப்பதிவாளர் பிலிப் வைன்ரோப் டேப் மெஷினோடு அங்கேயே வந்து சேர்ந்தார். டிஜிட்டல் பக்கமே போகாமல் டேப்பில் பதிவு செய்த ‘சாங்ஸ்’ என்கிற இந்த ஆல்பம் அந்த அக்டோபரில் வெளியானது. 11 பாட்டு, சுமார் 40 நிமிடம்.

குடோனில் பழைய பாக்ஸ் இரண்டில் இதைப் போட்டதும், உதவிக்கு இருக்கும் பையன் “ஆம்ப்ல இரைச்சல் வருதுங்ணா” என்று ஒயரைப் பிடுங்கப் போனான். டேப்பின் இரைச்சல்டா அது என்றேன். நம்பவில்லை. ‘ஸாம்பி கேர்ள்’ பாட்டில் குடிலுக்கு வெளியே பறவைகள் கத்துகின்றன, ‘கம்’ பாட்டில் மழை பெய்கிறது, கம்பியில் விரல் உரசுவதும் கேட்கிறது. இதையெல்லாம் வெட்டி எறிந்தால்தான் எங்கள் தொழிலில் கெட்டிக்காரன். இங்கே அப்படியே விட்டிருக்கிறார்கள். அதனால் அவர் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் பாடுகிற மாதிரி இருக்கிறது. நம் மேடையில் ஏறுகிறவர்கள் வணக்கம் சொல்வதற்கு முன்பே “எக்கோ கொஞ்சம் ஏத்துங்க” என்பார்கள்!

வரிகளுக்கு வருவோம். ‘எனிதிங்’ காதல் பாட்டு. ஆனால் அதில் இருப்பது வாயில் வழியும் மாம்பழச் சாறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காதலியின் வீட்டில் தகராறு, கையைக் கடித்த நாய், ஆஸ்பத்திரி, மளிகைச் சீட்டு. முதலமடை மாந்தோப்புப் பக்கம் காதலித்தவர்களுக்கு அந்த மாம்பழத்தை விளக்க வேண்டியதில்லை. ‘இங்கிடார்’ இன்னும் ஒரு படி மேல். கொட்டகையில் ஒரு குதிரை கிடக்கிறது, தலையில் ஈ மொய்க்கிறது, காக்கையைக் கவ்விக்கொண்டு நாய் உள்ளே வருகிறது. ஒப்பாரி கிடையாது, கண்ணில் பட்டதைச் சொல்லிக்கொண்டே போகிறார். கட்டுத்தறியில் மாடு செத்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான். அன்றைக்கு என் கண்ணிலும் இப்படித்தான் ஈயும் வைக்கோலுமாகப் பட்டது.

குறை இல்லாமல் இல்லை. வார்த்தையின் கடைசி அசையை அடிக்கடி முழுங்கிவிடுகிறார். என் ஆங்கிலத்துக்கு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டால்தான் பிடிபடுகிறது. போன் ஸ்பீக்கரில் கேட்டால் கிடாரின் கனத்த கம்பிகள் காணாமலே போய்விடும். கோயமுத்தூர் பஸ்ஸில் கேட்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

கூடவே வந்த ‘இன்ஸ்ட்ருமென்டல்ஸ்’ வெறும் இசை, நீளமான 2 துண்டு. முதல் துண்டில் கிடார், சரி, தூங்கப் போகும்போது கேட்கலாம். மணி கிலுங்கும் அடுத்ததைப் பாதியில் நிறுத்திவிட்டேன். வரிகளுக்காக வருகிறவர்கள் அதை விட்டுவிட்டு, ‘எனிதிங்’கைக் கேட்ட கையோடு ‘இங்கிடார்’ பக்கம் வாருங்கள். சுமாரான ஹெட்போன் போதும், என்னிடம் பாக்ஸ் வாடகைக்கு எடுக்க வேண்டாம்.