24,000 யென்னுக்கு ஒரு ரப்பர் பேண்ட்

மரியோவும் லூயிஜியும் திரையில் ஓடிப் பிடித்து விளையாடும் அந்தப் போட்டோதான் என்னைக் கவிழ்த்தது. சிவப்பும் வெள்ளையுமாக ஃபேமிகாம் என்ற பழைய ஜப்பானிய டிவி கேம் பெட்டி, அதன் அடியில் டிஸ்க்கிலிருந்து விளையாட்டை ஓட்டும் டிஸ்க் சிஸ்டம், பின்னால் ஒரு பழைய குண்டு டிவி, அதில் பெரிதாக நின்டெண்டோ என்ற எழுத்து. விளக்கத்தில் "தோஸா காகுனின் ஸுமி" என்று போட்டிருந்தார்கள். இயக்கிப் பார்த்தாயிற்று என்று அர்த்தம். அட்டைப்பெட்டி, கையேடு எல்லாம் உண்டு, விலை தபால் செலவோடு 24,000 யென். இரவு பதினொன்றரைக்குப் பார்த்தேன், இரண்டே நிமிடத்தில் பணம் கட்டிவிட்டேன். வேறு யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம்.

இந்த அவசரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. தொண்ணூறுகளில் எங்கள் தெருமுனைக் கடையில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு டிவி கேம் ஆட விடுவார்கள். கேசட் வேலை செய்யாவிட்டால் எடுத்து வாயால் ஊதி மறுபடி சொருகுவோம். அந்தப் பெட்டிகள் எல்லாம் நின்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று 14,800 யென்னுக்கு வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள் என்பது, வேலை நிமித்தம் டோக்கியோவுக்கு வந்து நிஷி கசாயில் குடியேறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைவிட ஆச்சரியம், ஜப்பானியர்களும் அதைக் கேசட் என்றுதான் சொல்கிறார்கள். அவர்களும் ஊதித்தான் வளர்ந்திருக்கிறார்கள். சரி, நகலில் ஆடியவன் ஒரு முறையாவது அசலில் ஆட வேண்டாமா என்று தோன்றிவிட்டது.

வாங்கிய இடம் கடை இல்லை. தனியாட்கள் தங்கள் வீட்டுப் பொருளைப் போட்டு விற்கும் ஒரு செயலி. நாம் கட்டும் பணம் நேராக விற்பவருக்குப் போகாது, செயலியிடமே நிற்கும். பொருள் வந்து சேர்ந்ததும் நாம் "பெற்றுக்கொண்டேன்" என்று மதிப்பீடு கொடுத்தால்தான் அவருக்குப் போகும். கொடுத்த நொடியே கணக்கு முடிந்தது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் விழுந்த பள்ளம் இதுதான்.

மூன்றாம் நாள் பார்சல் வந்தது. பிரித்தேன், கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றாம் கன்ட்ரோலரில் சதுர ரப்பர் பட்டன்கள். முதல் மாடல்களில் மட்டுமே சதுரம், அவை கிழிந்து, உள்ளே போய் மாட்டிக்கொள்கின்றன என்று பின்னால் வட்டமான பிளாஸ்டிக் பட்டனாக மாற்றினார்கள். அதனால் சதுரத்துக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு. அன்று மாலையே விற்பவரிடமிருந்து செய்தி: "பத்திரமாக வந்து சேர்ந்ததா? உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது மதிப்பீடு செய்தால் மிகவும் மகிழ்வேன்." அவ்வளவு பணிவாகக் கேட்டவரைக் காக்க வைக்க மனம் வரவில்லை. ஐந்து நட்சத்திரம் போட்டு நன்றியும் சொன்னேன். பிளக்கைக்கூட இன்னும் சொருகியிருக்கவில்லை.

அப்புறம்தான் டிவியில் மாட்டப் போனேன். ஃபேமிகாமில் நமக்குப் பழக்கமான மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயர் கிடையாது. ஆர்எஃப் வழியாக, அதாவது டிவி ஒளிபரப்பு மாதிரியான சிக்னலாக, டிவியின் ஆன்டெனா துளைக்குள் போய் ஒன்றாம் அல்லது இரண்டாம் சேனலில் தெரியும் ஏற்பாடு. ஜப்பானில் பெரும்பாலான பகுதிகளில் அனலாக் ஒளிபரப்பை 2011 ஜூலை 24 அன்றே நிறுத்திவிட்டார்கள். என்னுடைய டிவிக்கு அனலாக் டியூனர் என்றால் என்னவென்றே தெரியாது. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன். குறை என் டிவியில்தான் என்று உறுதியாக நம்பினேன், பாருங்கள், அதுதான் வேடிக்கை.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னபோது, சைதாமாவில் தன் அப்பா இன்னும் ஒரு பழைய குண்டு டிவி வைத்திருக்கிறார் என்றார். பெரியவர் சின்ன வயதில் மின்சாதனப் பழுது பார்த்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். மாட்டினதும் படம் வந்தது! அதே மரியோ, அதே லூயிஜி, அதே நின்டெண்டோ எழுத்து. நான் கைதட்டாத குறை. டிஸ்க்கைச் செருகினேன். சத்தமே இல்லை. சில நொடி கழித்துப் பிழை எண் ஒன்று வந்து நின்றது. எடுத்துத் திரும்பச் செருகினேன், அதேதான்.

பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னது இது. டிஸ்க் சிஸ்டம் இரண்டு பாகம் கொண்டது. ஒன்று டிரைவ். மற்றது கேசட் துளையில் சொருகும் ராம் அடாப்டர். அந்த மரியோ, லூயிஜி காட்சி அடாப்டருக்குள்ளேயே பதிந்திருக்கிறது, டிஸ்க்கைப் போடுங்கள் என்று நம்மைக் கேட்கும் வரவேற்புத் திரை அது. டிரைவ் செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். ஆக, அந்தப் போட்டோ டிரைவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. டிஸ்க் ஓடியதற்குச் சாட்சி வேண்டுமென்றால் ஒரு விளையாட்டின் தலைப்புத் திரையாவது இருந்திருக்க வேண்டும். விற்றவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல். இயக்கிப் பார்த்தார், திரை வந்தது, போட்டோ எடுத்தார். எதை இயக்கினார் என்று நான் கேட்கவில்லை.

டிரைவைத் திறந்தோம். 1986 பிப்ரவரியில் 15,000 யென்னுக்கு வந்த இந்தப் பெட்டியில் மோட்டாரிலிருந்து டிஸ்க்கைச் சுற்றுவது ஒரு சின்ன ரப்பர் பெல்ட். காலப்போக்கில் அது தார் மாதிரி உருகி ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் அறுந்து போகும். புதுப் பெல்ட் போடாத டிரைவ் இன்று ஓடுவது அபூர்வம். எங்கள் டிரைவில் பழைய பெல்ட்டின் கறுப்புப் பிசின் அப்படியே அப்பியிருந்தது. அதன்மேல், சொன்னால் நம்ப மாட்டீர்கள், காய்கறிக் கட்டுக்குப் போடும் சாதாரண ரப்பர் பேண்ட். அதுவும் விட்டுப்போய்த் தளர்ந்து கிடந்தது. பெரியவர் அதைச் சாமணத்தால் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

ஃபேமிகாமையும் விடவில்லை. அடியில் உள்ள எண் ஒன்று, அட்டைப்பெட்டியில் உள்ள எண் வேறு. சதுரப் பட்டன் கன்ட்ரோலரின் வயரைப் பாதியில் வெட்டி, வேறொன்றின் வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். கன்ட்ரோலர் வயர் வெளியே கழற்ற முடியாததுபோல் தெரிந்தாலும் உள்ளே பிளக்தான். பிடுங்கிச் சொருகினால் முடிந்தது. அதுகூடத் தெரியாமல் யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாம் கன்ட்ரோலரில் மைக் உண்டு, செல்டா விளையாட்டில் அதற்குள் கத்தினால் பெரிய காதுள்ள ஒரு பூதம் சாகும். நான் டிஸ்க் சிஸ்டத்துக்கு ஆசைப்பட்டதே அந்த செல்டாவுக்காகத்தான். மைக்கும் ஊமை.

இப்படி இரண்டு மூன்று கெட்ட பெட்டியிலிருந்து ஒன்றைத் தேற்றுவதற்கு ஜப்பானியத்தில் "நிகோஇச்சி" என்று பெயர், இரண்டைச் சேர்த்து ஒன்று. அதில் தவறில்லை, சொல்லிவிட்டுச் செய்தால். சேகரிக்கும் ஆர்வலர்கள் பலர் தங்களுக்காகச் செய்வதுதான். சொல்லாமல், பெட்டியோடு முழுமையானது என்று விற்றால்தான் பிரச்சினை.

விற்றவருக்கு எழுதினேன். பதில் பணிவாகவே வந்தது: நாற்பது வருடப் பொருள், அனுப்பும்போது திரை வந்தது, கடைசி வரியில் "நோ க்ளேம் நோ ரிடர்ன்" என்று எழுதியிருந்தேனே, நீங்கள் மதிப்பீடும் கொடுத்துவிட்டீர்களே. செயலிக்காரர்களும் கணக்கு முடிந்துவிட்டது, இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 188க்கு அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள், ஆனால் அவர்களுடைய வேலை வியாபாரிக்கும் நுகர்வோருக்கும் இடையில்தான், தனியாளிடம் வாங்கியதில் ஆலோசனை மட்டுமே சொல்ல முடியும் என்றார்கள். ஜப்பான் சிவில் சட்டத்தின் 572வது பிரிவு, பொறுப்பேற்க மாட்டேன் என்று எழுதி வைத்தாலும் தெரிந்தே மறைத்த குறைக்கு விற்றவர் தப்ப முடியாது என்கிறது. ஆனால் அந்த ரப்பர் பேண்டைப் போட்டது இவர்தான் என்று எப்படி நிரூபிப்பது? அவருக்கு முன்னால் வைத்திருந்த யாராவது போட்டிருக்கலாம். 24,000 யென்னுக்கு வழக்குப் போடும் அளவுக்கு என் ஜப்பானியமும் தேறவில்லை. விட்டுவிட்டேன்.

புதிதாகச் சேகரிக்க இறங்குபவர்கள் முதலில் படிக்க வேண்டியது விளையாட்டுப் பட்டியல் இல்லை, இந்த விற்பனைச் சொற்கள். "ஜங்க்கு" என்றிருந்தால் உயிர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், திருப்பித் தர முடியாது. நேர்மையான சொல், எனக்குப் பிடிக்கும். "கெஞ்ஜோ வதாஷி" என்றால் இருக்கிற நிலையில் தருகிறேன் என்று பொருள். "ட்ஸூடென்" மட்டும் பார்த்தது என்றால் கரண்ட் போகிறது, விளக்கு எரிகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. "மிகாகுனின்" என்றால் இயக்கிப் பார்க்கவில்லை. அட்டையெல்லாம் வைத்துப் பளபளவென்று போட்டோ எடுத்தவருக்கு ஐந்து நிமிடம் மாட்டிப் பார்க்க மட்டும் நேரமில்லையாம், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது என்னைக் கவிழ்த்த "தோஸா காகுனின் ஸுமி"தான், ஏனென்றால் அதைக் கண்டதும் நாம் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

கேட்க வேண்டியது பொருளுக்குப் பொருள் மாறும். டிஸ்க் சிஸ்டம் என்றால் பெல்ட் மாற்றியாயிற்றா, எந்த டிஸ்க் ஓடியது, ஓடும் வீடியோ இருக்கிறதா. சிடியில் ஆடும் பிசி எஞ்சின் டுவோ என்ற கேம் பெட்டி என்றால் கெப்பாசிட்டர் மாற்றியாயிற்றா. 1991இல் 59,800 யென்னுக்கு வந்த அழகான பெட்டி அது, ஆனால் கெப்பாசிட்டர் கசிந்து பலகையையே தின்றுவிடும். முதலில் சத்தம் குறையும், பிறகு சிடி படிக்காது. ஃபேமிகாமுக்கு அடுத்து நின்டெண்டோ விட்ட சூப்பர் ஃபேமிகாமின் கேசட் என்றால் உள்ளே இருக்கும் பேட்டரியைக் கேளுங்கள், அது தீர்ந்தால் ஆட்டம் ஓடும், சேமித்தது நிற்காது. சூப்பர் ஃபேமிகாமில் மேல்மூடி ஒரு நிறம், அடிப்பாகம் மஞ்சள் என்று இருந்தால் உடனே நிகோஇச்சி என்று சண்டைக்குப் போகாதீர்கள். பிளாஸ்டிக் தொகுதிக்குத் தொகுதி வேறு வேகத்தில் மஞ்சளாகும், அசலிலும் அப்படி உண்டு.

ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட். பெட்டியோடு வரும் பவர் அடாப்டரை நம்மூர் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் புகைதான். அடாப்டரை மாற்றிப் போடுவதும் கூடாது. ஃபேமிகாமுக்கும் சூப்பர் ஃபேமிகாமுக்கும் ஒரே அடாப்டர்தான், 10 வோல்ட் டிசி. ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ் பெட்டியின் அடாப்டரோ ஏசியை அனுப்பும். துளைக்குள் ஒழுங்காகப் போகிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

முதல் பெட்டி எதுவென்று கேட்டால், நான் செய்ததற்கு நேர்மாறாகச் சொல்வேன். 1990 நவம்பரில் வந்த சூப்பர் ஃபேமிகாமை வாங்குங்கள். ஏவி வயர் உண்டு, அதே வயர் நின்டெண்டோ 64க்கும் கேம்கியூபுக்கும் பொருந்தும், இப்போதைய டிவி பலவற்றிலும் ஏதோ ஒரு வழியில் படம் வரும். ஃபேமிகாம் கேசட்டுகள்தான் வேண்டும் என்றால் 1993இல் வந்த நியூ ஃபேமிகாம், அதிலும் ஏவி உண்டு, கன்ட்ரோலரையும் வெளியே கழற்றலாம். முதல் முறை வாங்குவதைக் கடையில் வாங்குங்கள். டோக்கியோவின் அகிஹாபாராவிலும் நகானோவிலும் ஒசாகாவின் தென்தென் டவுனிலும் பல கடைகளில் விலை கூடுதல்தான், ஆனால் சில நாள் உத்தரவாதம் எழுதித் தருவார்கள், சில இடங்களில் கண்ணெதிரே மாட்டியும் காட்டுவார்கள். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் சைதாமா ரயிலுக்கும் பெல்ட்டுக்கும் சாமான்களுக்குமே போனது. நின்டெண்டோவும் ஃபேமிகாம் பழுது பார்ப்பதை 2007இலேயே நிறுத்திவிட்டது, அங்கே போய் நிற்கவும் வழியில்லை.

செயலியில்தான் வாங்குவேன் என்றால், மதிப்பீட்டுப் பொத்தானைத் தொடாதீர்கள். செருகி, ஆடி, சேமித்து, அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். விற்பவர் பணிவாக நினைவூட்டினால், சோதித்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு நாள் பொறுங்கள் என்று நீங்களும் அதே பணிவோடு எழுதுங்கள். ரொம்ப நாள் சும்மா இருந்தாலும் செயலி தானாகவே கணக்கை முடித்துவிடும், அந்தக் கெடுவைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பெல்ட்டைப் பெரியவர்தான் போட்டுக் கொடுத்தார். பிசினைச் சுரண்டி எடுக்கவே இரண்டு ஞாயிறு ஆனது. கூலி வாங்க மறுத்துவிட்டார், பதிலுக்கு வீட்டில் செய்த முறுக்கு ஒரு டப்பா கொடுத்தேன், காலி டப்பா போன வாரம் மகன் கையில் திரும்பி வந்தது. டிரைவ் இப்போது கரகரவென்று சுற்றி செல்டா ஓடுகிறது. மைக் இன்னும் ஊமைதான், அந்தக் காதுப் பூதங்களை வாளால்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.